மூடியை எவ்வளவு இறுக்க வேண்டும்?

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் தம்பி ஒருவர், ஒரு மே மாதத்தில் போன் செய்தார். சென்னைக்கு அனுப்பிய தேங்காய் எண்ணெய்ப் பார்சலில் பாதிக்குப் பாதி ஒழுகித் திரும்பி வந்துவிட்டது என்றார். போய்ப் பார்த்தேன். அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம் எண்ணெயில் ஊறி, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மேசையில் வரிசையாக நிறுத்தினோம். ஒரு மூடிகூடத் திறந்திருக்கவில்லை. “நல்லா இறுக்கித்தானுங்கண்ணா மூடுனோம். இதுக்கு மேல இறுக்கவே முடியாதுங்க” என்றார். அவர் சொன்னது உண்மைதான். எண்ணெய் ஒழுகியதற்குக் காரணமும் அதுதான்.

பல வருடம் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எண்ணெய், தேன், ஷாம்பு, பினாயில் என்று திருகு மூடி போட்டு விற்கும் எந்தப் பொருளிலும் இதே கதையைப் பார்த்திருக்கிறேன். ஒழுகினால் இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். அப்போதும் ஒழுகினால் இன்னும் இறுக்குவார்கள். மூடி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித் தராததால் வரும் தவறு இது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்காகவே, அடியிலிருந்து சொல்கிறேன்.

எண்ணெயைத் தடுப்பது எது?

வீட்டில் இருக்கும் எண்ணெய்ப் பாட்டில் ஒன்றின் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். மூடியின் மேல்தளத்தில் வட்டமாக ஒரு மெத்தை ஒட்டியிருக்கும். தொழிலில் அதை லைனர் என்பார்கள், வாட் என்றும் சொல்வார்கள். வெள்ளை நுரை ரப்பர் மாதிரி இருப்பது பாலித்தீன் நுரை. சிலவற்றில் அட்டையும் அலுமினியத் தாளும் சேர்ந்திருக்கும். அந்த மெத்தையில் பாட்டிலின் வாய் பதிந்த வட்டத் தடம் ஒன்று தெரியும். எண்ணெயைத் தடுப்பது அந்தத் தடம் பதிந்த இடம் மட்டுமே.

பாட்டில் கழுத்தைச் சுற்றி ஓடும் மரை எதையும் தடுப்பதில்லை. மரைக்கும் மூடிக்கும் நடுவே எண்ணெய் தாராளமாக ஓடும் அளவு இடைவெளி உண்டு. மூடியைக் கீழே இழுத்து, மெத்தையைப் பாட்டில் வாயின்மேல் அழுத்திப் பிடிப்பது மட்டும்தான் மரையின் வேலை. முக்கோணமாக வெட்டிய காகிதத்தைப் பென்சிலில் சுற்றிப் பாருங்கள். சரிவான ஓரம் சுருள் சுருளாக ஏறும். மரை என்பதும் அப்படிச் சுற்றிவைத்த ஒரு சரிவுதான். நீங்கள் திருகத் திருக, மூடி அந்தச் சரிவில் கீழே இறங்கி மெத்தையை நசுக்குகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1858இல் அமெரிக்காவில் ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் கண்ணாடி ஜாடிக்குத் திருகு மூடி செய்து காப்புரிமை வாங்கினார். ஜாடிக் கழுத்தின் மரை, தோள்பட்டையைத் தொடுவதற்கு முன்பே தேய்ந்து மறைந்துவிடும்படி அமைத்ததில்தான் அவருடைய திறமை இருந்தது. மரை வழியில் நிற்காததால் மூடி முழுதாக இறங்கித் தோளில் வைத்த ரப்பர் வளையத்தை அழுத்தியது. அடைப்பு வளையத்தில், இழுப்பு மரையில் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தது அது. இன்றைக்குத் தண்ணீர்ப் பாட்டிலில் மெத்தையே இருக்காது. அதற்குப் பதில் மூடியின் உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையம் பாட்டில் வாய்க்குள் நுழைந்து அடைக்கும். அங்கேயும் அடைப்பது வளையம்தான், மரை இல்லை.

ஆகவே, ஒழுகும் மூடி ஒன்று கைக்கு வந்தால் முதலில் அந்தத் தடத்தைப் பாருங்கள். முழு வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறது. பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் மூடி சாய்ந்து ஏறியிருக்கிறது, அல்லது பாட்டில் வாய் சமமாக இல்லை. தடமே மங்கலாக இருந்தால் இறுக்கம் போதவில்லை. மெத்தை வெட்டுப்பட்டது போலவோ சுருங்கி மடிந்தோ இருந்தால் இறுக்கம் அளவு மீறிவிட்டது. இந்த ஒரு பார்வைக்கு அரை நிமிடம் ஆகாது. பாதிப் பிரச்சினையை இதுவே சொல்லிவிடும்.

தம்பியின் மூடிகளில் தடம் எப்படி இருந்தது தெரியுமா? மெத்தை கிட்டத்தட்ட அறுந்திருந்தது. நான்கைந்து மூடிகளைக் கையில் எடுத்துத் திருப்பினால், இறுகி வந்து திடீரென்று லேசாகிச் சும்மா சுற்றின. மரை போய்விட்டது. இன்னும் சிலவற்றின் பக்கவாட்டில் மயிரிழை போல விரிசல். மூடியின் மேல்தளம் மெல்லப் புடைத்திருந்தவையும் உண்டு. மரை போன மூடி பார்ப்பதற்கு மூடியது போலவே இருக்கும், ஆனால் மெத்தையைக் கீழே இழுத்துப் பிடிக்க அதில் எதுவும் மிச்சமில்லை.

திருப்பு விசை: கணக்கு இவ்வளவுதான்

கதவைக் கீல் பக்கம் தள்ளினால் நகராது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாகத் திறக்கும். விசை அதேதான், தூரம்தான் வேறு. விசையையும் அது செயல்படும் தூரத்தையும் பெருக்கினால் வருவது திருப்பு விசை. பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். பட்டறையில் டார்க் என்பார்கள்.

மூடி உலகத்தில் இதை இஞ்ச்-பவுண்டு என்ற அலகில் சொல்வதுதான் பழக்கம். விற்பனைக்கு வரும் டார்க் மீட்டரில் பெரும்பாலும் அந்த அளவு இருக்கும். நமக்குப் பழகிய கிலோ-சென்டிமீட்டருக்கு மாற்ற வேண்டுமானால் 1.15ஆல் பெருக்க வேண்டும். நியூட்டன்-மீட்டர் வேண்டுமானால் 0.113ஆல் பெருக்க வேண்டும்.

தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. மூடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதில் பாதியை இஞ்ச்-பவுண்டாக வைத்துக்கொள்ளுங்கள். 28 மி.மீ. மூடிக்கு 14. இது தொடங்கும் இடம் மட்டும். பொதுவாகப் பயன்படும் அட்டவணைகளில் 24 மி.மீ. மூடிக்கு 10 முதல் 18 வரை, 28 மி.மீ. மூடிக்கு 12 முதல் 21 வரை, 38 மி.மீ. மூடிக்கு 17 முதல் 26 வரை என்று இருக்கும். மூடி விற்பவர் தனியாக ஓர் அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எந்தப் பிளாஸ்டிக், எந்த மெத்தை, மரை எத்தனை சுற்று என்பதைப் பொறுத்து இந்த எண் மாறும். அது அவருக்குத்தான் தெரியும். சொல்லவில்லை என்றால் கேளுங்கள். மூடி வாங்கும்போது விலையைக் கேட்கிற எத்தனையோ பேர் இந்த எண்ணைக் கேட்பதே இல்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இன்னொன்றையும் அப்போதே கேட்க வேண்டும். 28 மி.மீ. என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த மரை என்பதும் தெரிய வேண்டும். பாட்டில் கழுத்துக்கு 28-400, 28-410, 28-415 என்று பெயர் வைப்பார்கள். முதல் எண் விட்டம். 400 என்றால் மரை ஏறத்தாழ ஒரு சுற்று, 410 என்றால் ஒன்றரை, 415 என்றால் இரண்டு. குளிர்பானப் பாட்டில்களில் பி.சி.ஓ. 1810 என்ற பழைய கழுத்தும் பி.சி.ஓ. 1881 என்ற குட்டைக் கழுத்தும் உண்டு. இரண்டும் 28 மி.மீ.தான். பழையதன் உயரம் 21 மி.மீ., புதியது 17 மி.மீ. மரையின் இடைவெளி முன்னதில் 3.18 மி.மீ., பின்னதில் 2.7 மி.மீ. ஒன்றின் மூடியை மற்றதில் வைத்தால் ஏறுவது போலத் தெரியும். அரைச் சுற்றில் பிடிக்கும், இறுகிய மாதிரிக் கைக்கு ஏமாற்றும். மெத்தையோ உள்வளையமோ வாயைத் தொட்டிருக்காது. பாட்டிலை ஒரு கடையிலும் மூடியை மலிவாக வேறு கடையிலும் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

இன்று கொடுத்த இறுக்கம் நாளை இருக்காது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

புதிதாக நாடா பின்னிய கட்டிலில் முதல் நாள் படுத்தால் பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். நாலு நாளில் தொய்ந்துவிடும். யாரும் அவிழ்க்கவில்லை, எதுவும் அறுபடவில்லை. இழுத்துப் பிடித்த நாடா தானாகவே கொஞ்சம் நீண்டுகொடுத்துவிட்டது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் மூடியும் அப்படியே. பாலிபுரொப்பிலீன் மூடியும், அதன் உள்ளே இருக்கும் நுரை மெத்தையும், பாட்டில் கழுத்தும் அழுத்தத்துக்குக் கீழே மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கின்றன. மூடிய முதல் சில நிமிடங்களில் இது வேகமாக நடக்கும், பிறகு நிதானமாகும், ஒரு நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதனால்தான் மூடும்போது கொடுக்கும் திருப்பு விசை வேறு, திறக்கத் தேவைப்படும் திருப்பு விசை வேறு. 24 மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், மூடும்போது கொடுத்ததில் 40 முதல் 60 சதவீதம் வரை இருப்பது வழக்கம். 14 இஞ்ச்-பவுண்டில் மூடினால், மறுநாள் திறக்க ஆறிலிருந்து எட்டரை வரை. இது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, பிளாஸ்டிக்கின் இயல்பு. கவலைப்பட வேண்டியது அந்த எண் மூன்றுக்கோ நாலுக்கோ இறங்கும்போதுதான். அல்லது ஒரே தொகுப்பில் ஒரு பாட்டில் நாலு, அடுத்த பாட்டில் பத்து என்று தாறுமாறாக இருக்கும்போதுதான்.

இன்னும் இறுக்கினால் மறுநாள் இன்னும் அதிகமாக மிஞ்சும் என்று நினைக்கத் தோன்றும். ஓர் எல்லை வரை சரி. அதற்கு மேல் மரை விரியத் தொடங்கும், மூடியின் பக்கச்சுவர் வெளியே அகலும், மெத்தை நசுங்கித் திரும்பி எழும் சக்தியை இழக்கும். மெத்தை எழுந்துவந்து தள்ளுவதால்தான் பாட்டில் வாயோடு ஒட்டி நிற்கிறது. அந்த எழுச்சியைக் கொன்றுவிட்டால் கொஞ்சம் சூடு, கொஞ்சம் குலுக்கல் போதும், எண்ணெய் வழி கண்டுபிடித்துவிடும்.

எண்ணெய் பட்ட கழுத்து

நீங்கள் திருப்பும் விசையில் மிகப் பெரும் பங்கு உராய்வைச் சமாளிப்பதிலேயே போய்விடுகிறது. மரைக்கும் மரைக்கும் நடுவே ஒரு உராய்வு, மெத்தைக்கும் பாட்டில் வாய்க்கும் நடுவே இன்னொன்று. மிஞ்சிய சிறு பங்குதான் மெத்தையை அழுத்துகிறது. மூடி தானாகப் பின்னோக்கித் திரும்பாமல் பிடித்துவைத்திருப்பதும் அதே உராய்வுதான்.

கழுத்தில் எண்ணெய் வழிந்திருந்தால் உராய்வு குறைந்துவிடும். அப்போது இரண்டு விஷயம் ஒன்றாக நடக்கும். அதே 14இல் இறுக்கினாலும் உராய்வில் வீணாகாத விசை முழுக்க அழுத்தமாகப் போய், மரையையும் மெத்தையையும் வதைக்கும். பிறகு லாரி குலுங்கும்போது பிடித்துவைக்க உராய்வு இல்லாததால் மூடி சுலபமாகப் பின்வாங்கும். மூடும்போது அதிகம், மூடிய பின் குறைவு. எண்ணெயில் மட்டுமில்லை, ஷாம்பு, சோப்புத் திரவம், தேன் எதுவானாலும் கழுத்து ஈரமாக இருந்தால் நீங்கள் வைத்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

செக்கில் நான் முதலில் பார்த்தது இதைத்தான். நிரப்பும் குழாயை எடுக்கும்போது கடைசிச் சொட்டு ஒவ்வொரு பாட்டிலின் உதட்டிலும் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற அக்கா அதைப் பார்த்தும் பார்க்காமலும் மூடியை வைத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் தவறில்லை, அதைத் துடைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மூடியைத் திருகி இறுக்கும், கையில் பிடிக்கும் கரண்ட் கேப்பிங் மெஷினின் கிளட்ச் (வைத்த இறுக்கம் வந்ததும் பிடியை விட்டுவிடும் பாகம்) கடைசி எண்ணில் இருந்தது. ஈரமான மரை, முழு விசை. ஒழுகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மீட்டர் இல்லாமல் அளப்பது

நல்ல டார்க் மீட்டர் வைத்திருப்பது சிறப்பு. நாலு முளைகளுக்கு நடுவே பாட்டிலை இறுக்கி நிறுத்தி, மூடியைக் கையால் திருப்பினால் முள் எண்ணைக் காட்டும். கையால் கீழே அழுத்தாமல் திருப்ப வேண்டும், மெதுவாக, ஒரே சீராக. மூடும் விசையையும் திறக்கும் விசையையும் சோதிக்கும் முறைக்கு, ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பு வெளியிட்ட டி 3198 என்று தனித் தரநிலையே இருக்கிறது.

தொடங்கும்போது எல்லோராலும் அதை வாங்க முடியாது. நான் அங்கே செய்து காட்டியது இது. ஆசாரியிடம் சொல்லி, முக்கால் இஞ்ச் கனமுள்ள மரச் சட்டத்தில் மூடி இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டோம். துளையின் உள்சுற்றில் பழைய சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டினோம், மூடி வழுக்காமல் இருக்க. துளையின் மையத்திலிருந்து சரியாக 10 செ.மீ. தள்ளி ஒரு ஆணி. அந்த ஆணியில் பை எடை பார்க்கும் தொங்கு தராசின் கொக்கி. முள் காட்டும் தராசாக இருந்தால் வசதி. ஒருவர் பாட்டிலை அசையாமல் பிடிக்க, இன்னொருவர் தராசைச் சட்டத்துக்குச் செங்குத்தாக, மேசைக்குச் சமமாக இழுக்க வேண்டும். மூடி நகரத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

14 இஞ்ச்-பவுண்டு என்பது ஏறத்தாழ 16 கிலோ-சென்டிமீட்டர். 10 செ.மீ. தூரத்தில் அது 1.6 கிலோ. ஆக மூடும்போது தராசு 1.6 கிலோ காட்டும் வரை இழுத்தால் போதும். மறுநாள் திறக்கும்போது 650 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை காட்டினால் நலம். ஒரே பக்கம் இழுப்பதால் பாட்டில் கொஞ்சம் சாயப் பார்க்கும், அதனால் மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்காது. ஆனால் “நல்லா இறுக்கினேன்” என்பதற்கும் “1.6 கிலோவில் இறுக்கினேன்” என்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

தம்பியின் மெஷின் இறுக்கிய ஒரு மூடியை, ஒரு நாள் ஆனபிறகு இப்படித் திறந்து பார்த்தோம். தராசு இரண்டு கிலோவைத் தாண்டியது. ஓரிரு மூடிகளில் முந்நூறு கிராம்கூட வரவில்லை, அவை மரை போனவை. பெட்டி ஒன்றுதான், மெஷினும் ஒன்றுதான்.

அளப்பதற்கு முன்னால் செய்யக்கூடிய இன்னொரு எளிய வேலை, மார்க்கர் பேனாவால் மூடியிலிருந்து கழுத்து வரை நேராக ஒரு கோடு போடுவது. பார்சல் ஊர் போய்த் திரும்பினால் கோடு இன்னும் நேராக இருக்கிறதா, இல்லை மூடிப் பக்கம் விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் மூடி வழியில் பின்வாங்கியிருக்கிறது. நேராக இருந்தும் ஒழுகியிருந்தால் குற்றம் மெத்தையிலோ பாட்டில் வாயிலோ மரையிலோ இருக்கிறது. ஒரு கோட்டில் இரண்டு நோயும் பிரிந்து தெரிந்துவிடும்.

பிறகு, பாட்டில்களைச் செய்தித்தாள்மேல் படுக்கவைத்து ஓர் இரவு விடுங்கள். மே மாதமானால் தகரக் கூரைக்குக் கீழே விடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு கசிந்தாலும் தாளில் கண்ணாடி போல வட்டம் தெரியும். விலை உயர்ந்த எந்தக் கருவியும் இவ்வளவு பளிச்சென்று காட்டாது.

தாள் ஒட்டும் மூடி

அலுமினியத் தாள் வைத்து ஒட்டும் இன்டக்‌ஷன் சீல் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த மெஷின் தாளைத் தொடுவதில்லை. உயர் அதிர்வெண் காந்தப்புலத்தால் அலுமினியம் தானே சூடாகி, அதன் அடியிலுள்ள பிளாஸ்டிக் பூச்சு உருகிப் பாட்டில் வாயோடு ஒட்டுகிறது. ஒட்ட வேண்டுமானால் சூடு மட்டும் போதாது, அழுத்தமும் வேண்டும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது மூடியின் இறுக்கம்தான். மூடி தளர்வாக இருந்தால் தாள் அங்கங்கே மட்டும் பிடிக்கும். உதட்டில் எண்ணெய் இருந்தால் அந்த இடம் ஒட்டவே ஒட்டாது.

சீல் ஆன பிறகு மூடி தளர்ந்திருக்கும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தாளையும் அட்டையையும் பிடித்துவைத்திருந்த மெழுகு உருகி அட்டைக்குள் போய்விட்டது, பூச்சும் உருகி மெலிந்துவிட்டது. நடுவில் இருந்த கனம் குறைந்ததால் மூடிக்குப் பிடிமானம் போய்விட்டது. ஆகவே வரிசை இது: முதலில் சரியான அளவில் மூடு, சீல் செய், ஆறவிடு, மறுபடி ஒருமுறை இறுக்கு. கடைசி வேலையை விட்டுவிட்டால், வாடிக்கையாளர் பெட்டியைப் பிரிக்கும்போது மூடி கையோடு வரும். உள்ளே தாள் பத்திரமாக இருந்தாலும், யாரோ திறந்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மூடிக்குக் கீழே, முதல்முறை திறக்கும்போது உடையும் வளையம் இருந்தால், மூடும்போது அது கழுத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கம் குறைந்தால் தாண்டாது. மூடி சாய்ந்து ஏறினாலும், இறுக்கம் மீறினாலும், வளையத்தைப் பிடித்திருக்கும் சின்னச் சின்னப் பாலங்கள் கடைக்குப் போகும் முன்பே அறுந்துவிடும்.

மூடியின் மேல் பழி போடும் முன்

பாட்டிலை விளிம்பு வரை நிரப்பினால் எந்த மூடியும் தாங்காது. சமையல் எண்ணெய் சூட்டில் விரியும்: 10 டிகிரிக்குச் சுமார் 0.7 சதவீதம். காலையில் 25 டிகிரியில் நிரப்பிய ஒரு லிட்டர் எண்ணெய், மதியம் லாரிக்குள் 45 டிகிரியில் 14 மில்லி கூடுதல் இடம் கேட்கும். கிட்டத்தட்ட மூன்று தேக்கரண்டி. அந்த இடத்தைக் காற்றாக விட்டுவைக்காவிட்டால் எண்ணெய் மெத்தையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஊட்டிக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், பாட்டிலுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் வெளியே தள்ளும்.

கண்ணாடி பாட்டிலில் பிளாஸ்டிக் மூடி போடுகிறவர்கள் வெயிலை இன்னும் கவனிக்க வேண்டும். கண்ணாடியைவிடப் பிளாஸ்டிக் பல மடங்கு அதிகமாக விரியும். சூட்டில் மூடி விரிந்து தளரும். ஊறுகாய் ஜாடியின் தகர மூடி வேறு சாதி. கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும், உள்ளே சூடாக நிரப்பியது ஆறும்போது உண்டாகும் வெற்றிடம்தான் அதைப் பிடித்துவைக்கிறது. இருமல் மருந்துப் பாட்டிலின் அலுமினிய மூடிக்கு மரையே கிடையாது, பாட்டிலில் வைத்த பிறகு உருளைகள் அழுத்தி மரையை உருவாக்குகின்றன. இந்த இரண்டுக்கும் நான் மேலே சொன்ன எண்கள் பொருந்தாது.

கையால் மூடுகிறவர்கள் இருந்தால், காலையில் பத்து பாட்டில், மாலையில் பத்து பாட்டில் எடுத்து மறுநாள் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். களைத்த கை குறைவாகத்தான் இறுக்கும். ஆளுக்கு ஆள் மாறும். மெஷினிலும் இதே கதை வேறு உருவில் வரும். மூடியைப் பிடிக்கும் ரப்பர் தேய்ந்தாலோ அதில் எண்ணெய் பட்டாலோ கிளட்ச் விடுவதற்கு முன்பே பிடி வழுக்கிவிடும். காற்றில் ஓடும் மெஷினுக்குக் கம்ப்ரஸர் அழுத்தம் இறங்கினால் இறுக்கமும் இறங்கும். நாலு தலை, ஆறு தலை உள்ள மெஷினாக இருந்தால் ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றிலும் வந்த பாட்டிலைத் தனியே சோதியுங்கள். மொத்தமாகச் சராசரி எடுத்தால், கெட்டுப்போன ஒரு தலை மற்றவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

செக்கில் நாங்கள் மாற்றியது மூன்றே விஷயம். நிரப்பும் குழாயின் நுனியைச் சொட்டாத மாதிரி மாற்றினோம், கூடவே ஒரு பருத்தித் துணி வைத்து அந்த அக்கா ஒவ்வொரு உதட்டையும் துடைத்துவிட்டு மூடி வைக்கிறார். கிளட்ச்சைப் படிப்படியாகக் குறைத்து, மறுநாள் திறக்கும்போது 800 கிராம் சுற்றி வரும் இடத்தில் நிறுத்தினோம். எண்ணெய் நிரப்பும் கோட்டை ஒரு விரல் கீழே இறக்கினோம், அதற்கு மேலே காற்றுக்கு இடம் அதிகம் உள்ள பாட்டிலாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கிளட்ச்சைக் குறைக்கும்போது தம்பியின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒழுகுகிற பாட்டிலுக்கு இறுக்கத்தைக் குறைப்பதா என்று அவர் வாய்விட்டே கேட்டார். ஒரு பெட்டியை மட்டும் கோடு போட்டுச் சென்னைக்கு அனுப்பி, திருப்பி வரவழைத்தோம். பன்னிரண்டு பாட்டிலிலும் கோடு நேராக இருந்தது, அட்டை காய்ந்திருந்தது. அவருடைய அம்மாவிடம் ஒரு பாட்டிலைக் கொடுத்தோம். முன்பெல்லாம் முந்தானையைச் சுற்றித் திருகிப் பார்த்துவிட்டு மகனிடமே நீட்டுவாராம். இந்த முறை வெறும் கையால் திறந்தார்.

இப்போது ஐந்து லிட்டர் கேனுக்கு அதே வேலையைத் தொடங்கியிருக்கிறார் தம்பி. 38 மி.மீ. மூடி, பாதி 19, கிலோ-சென்டிமீட்டரில் 22, பத்து செ.மீ. சட்டத்தில் 2.2 கிலோ. ஆசாரி புதிய துளை போட்டுக் கொடுத்துவிட்டார். முதல் பத்துக் கேன் தகரக் கூரைக்குக் கீழே செய்தித்தாள்மேல் படுத்திருக்கிறது. நாளைக் காலையில் திறந்து எழுதி அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.